அரிவாள் செல் நோயின் வலித் தாக்குதலைத் தடுக்கும் மருந்துகள்: சோதனைகளின் வரலாறு

அரிவாள் செல் நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழியாக வரும் ஓர் இரத்த நோய். இந்நோய் உள்ளவர்களுக்கு எலும்பு, மூட்டு, முதுகு, மார்பு ஆகிய இடங்களில் திடீரென்று கடும் வலி தோன்றும். சில மணி நேரத்தில் அடங்கும் வலியும் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையில் கிடத்தும் வலியும் உண்டு. மருத்துவர்கள் இதனை வலி நெருக்கடி என்றும் வலித் தாக்குதல் என்றும் குறிப்பிடுவர்.

இந்நோய் மருத்துவ ஏட்டில் முதன்முதலாகப் பதிவான ஆண்டு 1910. இதன் காரணம் மூலக்கூறு அளவில் தெளிவான ஆண்டு 1957. வலி வராமல் தடுக்கும் ஒரு மருந்து பெரிய அளவிலான முறையான சோதனையில் தேறிய ஆண்டு 1995. காரணம் தெரிந்த பிறகும் மருந்துக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வலியை அளக்கத் தராசோ வெப்பமானியோ இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். வலியைக் கணக்கிட மருத்துவர்கள் கண்ட வழியையும், அந்த வழியில் தேறிய மருந்துகளையும் தோற்ற மருந்துகளையும் இக்கட்டுரை கால வரிசையில் கூறுகிறது.

நோயும் வலியும்

நமது இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் உள்ளது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்று, உடலெங்கும் கொண்டு சேர்ப்பது இதன் பணி. அரிவாள் செல் நோயில் இப்புரதத்தின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. ஆக்சிஜனை விட்டதும் இந்த மாறிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிகளைப் போல நீள்கின்றன. அதனால் வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டிய சிவப்பணு வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளின் வடிவம் பெறுகிறது.

இதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. முதலாவது, அணுக்கள் விரைவில் சிதைகின்றன. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். ஆகவே சோகை உண்டாகிறது. இரண்டாவது, விறைத்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. குழாயின் உட்சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு அப்பாலுள்ள திசுவுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. வலி இங்கிருந்தே பிறக்கிறது.

சோகை, வலி என்ற இந்த இரண்டையும் வாசகர் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சோகையைக் குறைத்த மருந்துகள் எல்லாம் வலியைக் குறைத்துவிடவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் அரிவாள் செல் சோகை உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை நோயைத் தாங்கிச் செல்பவர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தாங்கிச் செல்லும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

பதிவுக்கு முந்திய பெயர்கள்

மருத்துவ ஏடுகள் அறிவதற்கு முன்பே மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இந்நோயை அறிந்திருந்தனர். கானா நாட்டு மருத்துவர் ஃபீலிக்ஸ் கொனோடே-அஹுலு, தம் நாட்டு மொழிகளில் இந்நோய்க்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்கியதைப் பதிவு செய்துள்ளார். விட்டுவிட்டுக் குடையும் வலியை ஒலியிலேயே உணர்த்தும் இரட்டைக் கிளவிகளாக அப்பெயர்கள் அமைந்திருந்தன. தம் சொந்தக் குடும்பத்தில் இந்நோய் வந்த வழியைப் பதினேழாம் நூற்றாண்டு வரை அவரால் பின்னோக்கிக் காட்ட முடிந்தது. அம்மக்கள் நோய்க்குப் பெயரிட்டது வலியை வைத்து. மேலை மருத்துவம் பெயரிட்டது நுண்ணோக்கியில் கண்ட வடிவத்தை வைத்து.

1904-ஆம் ஆண்டின் இறுதியில், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த வால்ட்டர் கிளெமென்ட் நோயல் என்னும் மாணவர் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய இரத்தத்தில் அரிவாள் போன்ற அணுக்களைக் கண்டார். அயன்ஸின் மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து, ஊர் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றி, 1916-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் ஹார்வி இட்டானோ உள்ளிட்டோரும் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின், மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டினர். ஒரு மூலக்கூறின் கோளாறே ஒரு நோய்க்குக் காரணம் என்று காட்டப்பட்டது அதுவே முதல் முறை. 1957 அளவில் வெர்னன் இங்கிராம் அக்கோளாறு எது என்பதைத் துல்லியமாகக் கண்டார். பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் இருக்கிறது. நோய் முழுவதற்கும் வேர் இந்த ஒரு மாற்றம்தான்.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுத் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அது இருப்பதாக வேறு இருவர் எழுதினர். ஆப்பிரிக்க வழியினருக்கு மட்டுமே உரிய நோய் என்ற எண்ணம் இவற்றால் மாறத் தொடங்கியது.

பச்சிளங் குழந்தைகள் தந்த குறிப்பு

1948-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒன்றைக் கவனித்தார். இந்நோயோடு பிறந்த குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாக இருக்கின்றன. அவர்களின் இரத்த அணுக்கள் எளிதில் அரிவாளாக வளைவதில்லை. கருவில் இருக்கும்போது குழந்தையின் உடலில் உருவாகும் கரு ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கக்கூடும் என்று அவர் கருதினார்.

அவர் கருதியது சரியே. கரு ஹீமோகுளோபின் அந்தக் கம்பிகளோடு சேர்வதில்லை. சங்கிலியை நடுவே துண்டிக்கிறது. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி குறைந்து பெரியவர்களின் ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. நோயும் அப்போதுதான் வெளிப்படுகிறது. நின்றுபோன அந்த உற்பத்தியை மீண்டும் தூண்ட முடிந்தால் வலி குறையுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு அப்போது மருந்து எதுவும் கையில் இல்லை.

முதல் முயற்சிகள்: யூரியாவும் சயனேட்டும்

1970-இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் ஸ்காட், இந்நோய்க்குக் கிடைக்கும் ஆய்வு நிதியையும் பிற மரபு நோய்களுக்குக் கிடைக்கும் நிதியையும் ஒப்பிட்டு எழுதினார். கறுப்பின மக்களைப் பெரிதும் வாட்டும் இந்நோய் புறக்கணிக்கப்படுவதை அக்கட்டுரை எண்களால் காட்டியது. 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்நோய்க்கென்று தனிச்சட்டம் இயற்றியது. ஆய்வுக்கு அரசு நிதி வரத் தொடங்கியது.

அதே காலத்தில் இரண்டு மருந்துகள் நம்பிக்கை ஊட்டின. ஒன்று யூரியா. சோதனைக் குழாயில் அது அரிவாள் அணுக்களை நிமிர்த்தியது. இராபர்ட் நல்பாந்தியன் அதை வலித் தாக்குதலின்போது இரத்த நாளத்தின் வழியே செலுத்திப் பார்த்து, பலன் இருப்பதாக அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. பிறகு பல மருத்துவமனைகள் கூடி, யூரியா பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டன. 1974-இல் வந்த முடிவு, யூரியாவால் தனிப்பலன் இல்லை என்பது. வலித் தாக்குதல் எப்படியும் சில நாளில் தானே அடங்கும். யூரியா கொடுத்த பின் அடங்கியதால் யூரியாதான் அடக்கியது என்று தோன்றியிருந்தது.

மற்றொன்று சயனேட். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் அந்தோணி செராமியும் ஜேம்ஸ் மேனிங்கும் 1971-இல் இதனை முன்வைத்தனர். இது சிவப்பணுக்களின் ஆயுளைக் கூட்டியது, சோகை தணிந்தது. ஆனால் வாய்வழியே உட்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் நரம்புகள் பழுதுற்றன. சிலருக்குக் கண்புரை வந்தது. அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவ்விரு தோல்விகளும் இரண்டு பாடங்களைத் தந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாமல் வலி மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனையில் தெரியும் முன்னேற்றம் மட்டும் போதாது.

ஒரு பழைய புற்றுநோய் மருந்து

1982-இல் திமதி லே, ஜோசப் டிசிமோன், ஆர்தர் நியன்ஹுய்ஸ் முதலியோர் 5-அசசைட்டிடின் என்னும் மருந்தால் கரு ஹீமோகுளோபினை உயர்த்திக் காட்டினர். முதலில் தலசீமியா நோயாளியிடமும் பின்னர் அரிவாள் செல் நோயாளிகளிடமும் அது பலித்தது. ஆயினும் அம்மருந்தே புற்றுநோயைத் தோற்றுவிக்கலாம் என்ற அச்சம் எழுந்தது.

அம்மருந்து எவ்வழியில் வேலை செய்கிறது என்ற விவாதத்தினிடையே ஹைட்ராக்சியூரியா களத்துக்கு வந்தது. இது 1869-இல் ஜெர்மனியில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட எளிய சேர்மம். 1967 முதல் அமெரிக்காவில் சில வகைப் புற்றுநோய்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. வாய்வழி உட்கொள்ளலாம், விலையும் குறைவு. 1984-இல் ஓரா பிளாட், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் இம்மருந்தை அரிவாள் செல் நோயாளிகள் இருவருக்குக் கொடுத்து, கரு ஹீமோகுளோபின் உயர்வதைக் கண்டனர்.

கரு ஹீமோகுளோபின் உயர்ந்தது சரி, வலி குறையுமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

யாருக்கு எவ்வளவு வலி?

மருந்தைச் சோதிப்பதற்கு முன் நோயின் இயல்பான போக்கு தெரிய வேண்டும். 1970-களின் இறுதியில் தொடங்கிய அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 3,578 பேரின் வலித் தாக்குதல்களைக் கணக்கிட்டு ஓரா பிளாட் குழுவினர் 1991-இல் வெளியிட்ட முடிவுகள் பலருக்கும் வியப்பளித்தன.

ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கு அக்காலத்தில் ஒரு தாக்குதல்கூட இல்லை. மறுபுறம், ஆண்டுக்கு 3 முதல் 10 தாக்குதல் கண்டவர்கள் 5.2 விழுக்காட்டினர்தாம், மொத்தத் தாக்குதல்களில் 32.9 விழுக்காடு அவர்களுக்கே வந்தன. அதாவது வலியின் பெரும் சுமை ஒரு சிறு கூட்டத்தினர்மேல் விழுந்திருந்தது. கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தவர்களுக்குத் தாக்குதல் குறைவு என்பதும் தெரிந்தது. அடிக்கடி தாக்குதலுக்கு ஆளான பெரியவர்கள் விரைவில் இறந்தனர் என்பதும் தெரிந்தது. இந்நோயில் வலி தாங்கிக்கொள்ள வேண்டிய வெறும் தொல்லை அன்று. உயிருக்கு வரும் ஆபத்தின் அறிகுறி. "நடிக்கிறார்கள்", "மருந்துக்கு அடிமையாகிவிட்டார்கள்" என்று அவசரப் பிரிவுகளில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு ஒரு சான்றாயிற்று.

1992–1995: வலியை எண்ணிய சோதனை

சாமுவேல் சராச் என்னும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் தலைமையில், அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் ஆதரவோடு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மையங்களில் ஹைட்ராக்சியூரியா சோதனை 1992-இல் தொடங்கியது. அதன் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது மாணவர்களுக்குப் பயன் தரும்.

யாரைச் சேர்ப்பது? முந்திய ஆண்டில் மூன்று தாக்குதலேனும் கண்ட பெரியவர்களை மட்டும் சேர்த்தனர். தாக்குதலே வராதவர்களைச் சேர்த்தால் மருந்து தடுத்ததா இல்லையா என்பதை அறிய வழியில்லை. மொத்தம் 299 பேர் சேர்ந்தனர்.

எப்படிப் பிரிப்பது? குலுக்கல் முறையில் 152 பேருக்கு மருந்து. 147 பேருக்குத் தோற்றத்தில் வேறுபாடில்லாத, உள்ளே மருந்து இல்லாத வெற்று மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதற்கு இரட்டை மறைப்பு என்று பெயர்.

வெற்று மருந்துக் குழு எதற்கு? ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அடுத்த தேர்வில் அவர்களில் பலர் சற்றுக் கூடுதலாகவே பெறுவார்கள். தனிப்பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். மிக மோசமான ஆண்டைக் கடந்து சோதனைக்கு வரும் நோயாளிகளும் அவ்வாறே. எதுவும் கொடுக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு சிலருக்கு நன்றாக இருக்கும். அந்த இயல்பான தணிவைக் கழித்துப் பார்ப்பதற்கே ஒப்பீட்டுக் குழு தேவை.

மறைப்பை எப்படிக் காப்பது? ஹைட்ராக்சியூரியா வெள்ளணுக்களைக் குறைக்கும் இயல்புடையது. ஆகவே இரு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதித்து, மருந்தின் அளவைக் கூட்டவோ நிறுத்திவைக்கவோ வேண்டும். இரத்த எண்ணிக்கையைப் பார்த்தாலே யார் மருந்து உண்பவர் என்று மருத்துவர் ஊகித்துவிடலாம். எனவே அளவை மாற்றும் ஆணைகள் ஒருங்கிணைப்பு மையத்திலிருந்தே வந்தன; வெற்று மருந்து உண்டவர்களுக்கும் அவ்வப்போது அளவை மாற்றும்படி ஆணை வந்தது.

எதை ஒரு தாக்குதல் என்று எண்ணுவது? இதுவே கடினமான கேள்வி. நான்கு மணி நேரத்துக்கு மேல் மருத்துவ நிலையத்தில் தங்கி, வலுவான வலிநீக்கி பெற வேண்டிவந்த வலியைத் தாக்குதல் என்று வரையறுத்தனர். ஒவ்வொரு நிகழ்ச்சியின் பதிவையும், யாருக்கு எந்த மருந்து என்று அறியாத ஒரு குழு படித்து முடிவு செய்தது.

1995 சனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே சோதனை நிறுத்தப்பட்டது. பலன் தெளிவாகிவிட்டபின் பாதிப் பேருக்கு வெற்று மருந்தைத் தொடர்வது முறையன்று என்று கண்காணிப்புக் குழு கருதியதே காரணம். முடிவுகள் அதே ஆண்டு மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின.

ஆண்டுத் தாக்குதல் எண்ணிக்கையின் இடைநிலை அளவு மருந்துக் குழுவில் 2.5, வெற்று மருந்துக் குழுவில் 4.5. (எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பதே இடைநிலை அளவு.) இது 44 விழுக்காடு குறைவு. முதல் தாக்குதல் வரும்வரை கடந்த காலம் மருந்துக் குழுவில் 3 மாதம். மற்றதில் ஒன்றரை மாதம். உயிருக்கு ஆபத்தான மார்பு நோய்த் தாக்குதல் மருந்துக் குழுவில் 25 பேருக்கும் மற்றதில் 51 பேருக்கும் வந்தது. இரத்தம் ஏற்ற வேண்டிவந்தவர்கள் முறையே 48 பேர், 73 பேர்.

மருந்து நோயைக் குணமாக்கவில்லை என்பதையும் இந்த எண்களே காட்டுகின்றன. மருந்து உண்டவர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வலி வந்தது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவமனைக்கு ஓடுவது தவிர்ந்தால், ஒருவருக்குத் தேர்வு தப்பாது; வேலை போகாது. 1998-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெரியவர்களுக்கு இம்மருந்தை ஏற்றது. 2003-இல் வெளிவந்த ஒன்பதாண்டுத் தொடர் கவனிப்பில், மருந்தை உட்கொண்ட காலங்களில் இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது.

குழந்தைகளும் ஆப்பிரிக்காவும்

அடுத்து, இம்மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 9 முதல் 18 மாத வயதுடைய 193 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் காக்குமா என்பதே அச்சோதனையின் முதற்கேள்வி; அதில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் வலி நிகழ்ச்சிகள் வெற்று மருந்துக் குழுவில் 375. மருந்துக் குழுவில் 177.

நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் வாழ்வது ஆப்பிரிக்காவில். அங்கே வேறோர் அச்சம் இருந்தது. வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் மலேரியா பெருகாதா? உகாண்டாவில் 207 குழந்தைகளிடம் வெற்று மருந்துக் குழுவோடு நடந்த சோதனை, மலேரியா கூடவில்லை என்று 2017-இல் காட்டியது. அங்கோலா, காங்கோ சனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் 606 குழந்தைகள் மருந்து உண்ட ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. நூறு குழந்தைகளை ஓராண்டு கவனித்ததாகக் கணக்கிட்டால், வலி நிகழ்ச்சிகள் 98.3-இலிருந்து 44.6 ஆகவும், மலேரியா 46.9-இலிருந்து 22.9 ஆகவும், இறப்பு 3.6-இலிருந்து 1.1 ஆகவும் குறைந்தன. இந்த ஆய்வில் வெற்று மருந்துக் குழு இல்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டனர். பலன் நிலைநாட்டப்பட்ட மருந்தைக் குழந்தைகளுக்கு மறுப்பது அப்போது ஏற்கத்தக்கதாக இல்லை.

இரத்தத்தில் முன்னேற்றம், வலியில் இல்லை

ஹைட்ராக்சியூரியாவுக்குப் பிறகு வந்த மருந்துகளின் கதை அவ்வளவு நேரானதன்று.

செனிகபாக் என்னும் மருந்து சிவப்பணுக்களிலிருந்து நீர் வெளியேறுவதைத் தடுத்தது. அணுக்கள் சிதைவது குறைந்தது, ஹீமோகுளோபின் உயர்ந்தது. வலித் தாக்குதலோ குறையவில்லை. சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. இதய நோயாளிகளுக்குத் தரும் பிராசுக்ரெல் மருந்தை 341 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2016-இல் வந்தது. மருந்துக் குழுவில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 2.30 நிகழ்ச்சி, மற்றதில் 2.77. தற்செயலாகவும் வரக்கூடிய அளவே அந்த வேறுபாடு.

2017-இல் எல்-குளூட்டமின் பொடி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 230 பேரிடம் நடந்த சோதனையில் 48 வாரத்தில் தாக்குதலின் இடைநிலை அளவு மருந்துக் குழுவில் 3, மற்றதில் 4. சோதனையின் நடுவே பலர் விலகியிருந்ததால் ஐரோப்பிய மருந்து முகமைக்கு அந்த முடிவு போதுமானதாகத் தோன்றவில்லை.

கிரிசன்லிசுமாப், அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளத் துணைபுரியும் பி-செலக்டின் என்னும் புரதத்தைத் தடுப்பது. மாதம் ஒருமுறை இரத்த நாளத்தில் செலுத்தப்படுவது. 198 பேரிடம் நடந்த முதற்சோதனையில் கூடிய அளவு பெற்றவர்களுக்குத் தாக்குதல் ஆண்டுக்கு 1.63; வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 2.98. 2019 நவம்பரில் அமெரிக்காவும் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தன. ஐரோப்பா ஒரு நிபந்தனை விதித்திருந்தது: பெரிய சோதனையில் பலன் மீண்டும் காட்டப்பட வேண்டும். அந்தப் பெரிய சோதனையில் முதல் ஆண்டுச் சராசரி மருந்துக் குழுவில் 2.5, வெற்று மருந்துக் குழுவில் 2.3. 2023-இல் ஐரோப்பா தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது.

வோக்செலோட்டரின் கதை இன்னும் கவலைக்குரியது. இது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்து, அணு வளைவதைத் தடுப்பது. கூடிய அளவு உண்டவர்களில் 51 விழுக்காட்டினருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் உயர்ந்தது; வெற்று மருந்துக் குழுவில் 7 விழுக்காட்டினருக்கே உயர்ந்தது. இந்த இரத்த அளவை அடிப்படையாக வைத்து 2019 நவம்பரில் அமெரிக்கா விரைவு அனுமதி வழங்கியது. பக்கவாத ஆபத்துள்ள குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஒரு சோதனையில், மருந்துக் குழுவில் 8 பேரும் வெற்று மருந்துக் குழுவில் 2 பேரும் இறந்தனர். மருந்து உண்டவர்களிடம் வலித் தாக்குதலும் இறப்பும் கூடுதலாக இருப்பதைத் தரவுகள் சுட்டுவதாகக் கூறி, 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனம் அம்மருந்தை உலகெங்குமிருந்து விலக்கிக்கொண்டது. 1970-களில் சயனேட் தந்த பாடம் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வந்தது.

மருத்துவமனைக்கு வராத வலி

சோதனைகள் எண்ணுவது பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த வலியை. வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கழித்த நாள்கள் அக்கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாலி ஸ்மித் குழுவினர் 232 நோயாளிகளிடம் நாட்குறிப்பு எழுதச் சொல்லி, 2008-இல் முடிவை வெளியிட்டனர். மொத்தம் 31,017 நாள்கள் பதிவாயின. அவற்றில் 54.5 விழுக்காடு நாள்களில் வலி இருந்தது. மருத்துவமனைக்கோ மருத்துவரிடமோ சென்ற நாள்கள் 3.5 விழுக்காடுதாம்.

பிறகு வந்த ஆய்வாளர்கள் நாட்குறிப்பையும் சோதனையின் ஓர் அங்கமாகக் கருத இந்த எண்கள் காரணமாயின. நான்கு மணி நேர வரையறை எண்ணுவதற்கு வசதியானது. ஆயினும் நோயாளி பட்ட பாட்டில் ஒரு சிறு பகுதியையே அது காட்டுகிறது.

இன்றைய நிலையும் இந்தியாவும்

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்கெவி என்னும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டை நீக்கி, மீண்டும் உடலில் செலுத்துவது இம்முறை. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் தாக்குதல் வரவில்லை. 1948-இல் ஜேனட் வாட்சன் கவனித்ததன் வழியில் வந்த சிகிச்சை இது. அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டாலர். வலுவான வேதிச் சிகிச்சையும் நீண்ட மருத்துவமனை வாசமும் இதற்குத் தேவை. நோயாளிகளில் மிகச் சிலருக்கே இது எட்டும்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா, மகாராட்டிரம், குசராத் ஆகிய மாநிலப் பழங்குடியினரிடையேயும், தெற்கே நீலகிரி, வயநாடு மலைப்பகுதிகளிலும் இந்நோய் உள்ளது. இந்திய நோயாளிகளில் பலருக்குக் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதல். அதனால் இங்கே நோய் மென்மையானது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் கடும் வலிக்கு ஆளாகும் இந்தியக் குழந்தைகளும் உண்டு. நாகபுரியில் அத்தகைய குழந்தைகளிடம் கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த, மாறாத அளவில் ஹைட்ராக்சியூரியாவைச் சோதித்து 2012-இல் பலன் கண்டனர். அளவை அடிக்கடி மாற்ற வேண்டாததால், ஆய்வகம் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு இம்முறை ஏற்றது.

2023 சூலை முதல் நாளன்று மத்தியப் பிரதேசத்தின் சாக்டோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அகற்றுவதும் அதன் நோக்கம். சோதனையில் நோய் கண்டறியப்பட்டவருக்கு அதன்பின் மாதந்தோறும் மருந்து கிடைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். எத்தனை நாள் வலித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். மேலே கண்ட சோதனைகளில் மருந்தின் தகுதியை முடிவாக உரைத்தது அந்தக் கடைசிக் கணக்குத்தான்.